எறும்புக்கு மரம் கொடுக்கும் சம்பளம்

வசந்தம் தொடங்கித் தளிர்விட்ட செரி மரம் கிட்ட இருந்தால், ஓர் இளம் இலையைப் பிடித்துப் பாருங்கள். இலையும் காம்பும் சேரும் இடத்தில் குண்டூசித் தலை அளவில் இரண்டு சின்னப் புடைப்புகள் இருக்கும். பழம் தின்னும் செரி வகைகளில் அவை நல்ல சிவப்பு. நோய் என்று நினைத்து மருந்தடிப்பவர்களும் உண்டு. உண்மையில் அவை மரத்தின் தேன் சுரப்பிகள். பூவில் சுரக்கும் தேன் தேனீக்கு. இலையில் சுரக்கும் இந்தத் தேன் எறும்புக்கு.

ஊரிலும் இது இருந்தது. பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிய எல்லோருடைய விரலும் அந்தச் சுரப்பியைத் தொட்டிருக்கும். இலையின் பின்பக்கம், நடுநரம்பின் அடியில் இருக்கிறது. ஆமணக்கில் காம்பிலேயே திரட்சியாகத் தெரியும்.

தொழில் பழக்கத்தால் எனக்கு முதலில் செலவுதான் கண்ணில் படும். மரம் ஓடித் தப்ப முடியாது. இலையில் நஞ்சு வைக்கலாம், முள் வைக்கலாம், அல்லது காவலுக்கு ஆள் வைக்கலாம். இலைத்தேன் பெரும்பாலும் சீனியும் தண்ணீரும்தான். சீனி வெயிலில் செய்வது, மரத்துக்கு அதிகம் செலவில்லை. ஆனால் எறும்புக்குச் சீனி மட்டும் போதாது; புற்றிலுள்ள குஞ்சுகளை வளர்க்கப் புரதம் வேண்டும். தேன் குடிக்க வந்த இடத்தில் மயிர்க்கொட்டி அகப்பட்டால் அதையும் தூக்கிக்கொண்டு போய்விடும். சம்பளத்தை மரம் கொடுக்கிறது, சாப்பாட்டை எதிரியே கொடுக்கிறான்.

எப்போது கொடுப்பது என்பதிலும் மரம் கெட்டித்தனம் காட்டுகிறது. வட அமெரிக்காவில் கறுப்புச் செரி என்றொரு காட்டு மரம். ஒன்ராறியோவிலும் நிறைய உண்டு. கிளைக்கவட்டில் வெள்ளைக் கூடாரம்போல் வலை பின்னி, கூட்டமாக வாழும் ஒரு மயிர்க்கொட்டி இதன் இலையைத் தின்கிறது. அதன் முட்டை பொரிப்பது மொட்டு விரியும் அதே காலத்தில். மிச்சிகனில் டேவிட் டில்மன் இதை ஆராய்ந்து 1978 இல் எழுதினார். மொட்டு விரிந்த முதல் மூன்று வாரத்தில்தான் இலைத்தேன் அதிகம் சுரக்கிறது, பிறகு குறைந்துவிடுகிறது. மயிர்க்கொட்டியை எறும்பால் அடக்க முடிவதும் ஏறக்குறைய அந்த மூன்று வாரந்தான். அதற்குமேல் அது எறும்பால் பிடிக்க முடியாத அளவுக்குப் பெருத்துவிடும். பிறகு சம்பளம் கொடுத்தும் பயனில்லை, மரமும் கொடுப்பதில்லை. எறும்புப் புற்றுக்குக் கிட்ட நின்ற மரங்களில் மயிர்க்கொட்டி குறைவாக இருந்ததையும் அவர் கண்டார்.

எல்லா ஒப்பந்தமும் இவ்வளவு நேர்மையானதல்ல. மெக்சிகோவில் மாட்டுக்கொம்புபோல் முள் உள்ள ஒரு வேலமரம் உண்டு. அந்த முள்ளுக்குள்ளேயே எறும்பு குடியிருக்கிறது. தேனும் கிடைக்கும், இலை நுனியில் புரதமும் கொழுப்பும் நிறைந்த உணவு மணிகளும் கிடைக்கும். 1966 இல் டானியல் ஜான்சன் எறும்பை அகற்றிப் பார்த்தபோது மரத்தைப் பூச்சிகள் தின்று தீர்த்தன. ஆனால் 2014 இல் வெளிவந்த ஆய்வு ஒன்று வேறொரு பக்கத்தைக் காட்டியது. அந்தத் தேனில் உள்ள ஒரு நொதியம், எறும்பின் வயிற்றில் சாதாரண சீனியைச் செரிக்க வைக்கும் நொதியத்தை முடக்கிவிடுகிறது. முதல் தடவை குடித்ததோடு வேறிடத்துத் தேன் அதற்கு ஒத்துவராது. அந்த மரத்துத் தேனிலோ சீனி ஏற்கெனவே உடைக்கப்பட்டிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்தவனின் கடவுச்சீட்டை வாங்கிப் பூட்டிவைக்கும் முதலாளிமாரை எங்களில் சிலருக்குத் தெரியும்.

கென்யாவின் கதை சம்பளத்தை வெட்டியவர்களின் கதை. அங்குள்ள ஒருவகை வேலமரத்தை எறும்புகள் யானை, ஒட்டகச்சிவிங்கியிடமிருந்தும் காக்கின்றன. 1995 இல் ஆய்வுக்காகச் சில இடங்களில் வேலி போட்டு அந்தப் பெரிய விலங்குகளைத் தடுத்தார்கள். தின்ன வருபவர் இல்லாததால் சில வருடங்களில் மரங்கள் தேனையும், எறும்பு குடியிருக்கும் குமிழ் முள்ளையும் குறைத்துக்கொண்டன. காவல் எறும்புகளின் ஆதிக்கம் சரிந்தது. அந்த இடத்தை வேறொரு எறும்பு பிடித்தது. அதற்கு மரத்தின் தேனும் வேண்டாம், முள்ளும் வேண்டாம். தண்டைத் துளைக்கும் வண்டு விட்டுப்போன பொந்துகளில் குடியிருப்பதால் அந்த வண்டை அது விரட்டுவதுமில்லை. அது குடியேறிய மரங்கள் மெதுவாக வளர்ந்தன, கூடுதலாகச் செத்தன. 2008 இல் இந்த முடிவு வெளிவந்தது.

வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு விடயம். செரியில் எறும்பு ஏறுவதைக் கண்டவுடன் மருந்துப் போத்தலை எடுக்கவேண்டாம். அது எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். காம்புப் புடைப்பில் வாய்வைத்து நின்றால் விட்டுவிடலாம். சுருண்ட இலைக்குள் அசுவினிக் கூட்டத்தோடு நின்றால் விடயம் வேறு: அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது, அதைத் தின்ன வரும் பொறிவண்டைக்கூட விரட்டுகிறது. அப்போது எறும்பு நிற்பது மரத்தின் சம்பளத்தில் அல்ல.