டிரிகரில் கை வைக்கும் முன்

லைசென்ஸ் எடுத்து வாங்கிய பிஸ்டல்தானே, அதன் டிரிகரைக் கொஞ்சம் இலகுவாக்கிக்கொண்டால் என்ன குற்றம்? காவிரி டெல்டாவில் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் மிகச் சிலர்தான். அந்தச் சிலருக்கு இந்தக் கேள்வி வருகிறது. இங்கே லைசென்சில் கிடைப்பது பெரும்பாலும் .32 ரகம். உள்நாட்டுத் தயாரிப்பான .32 பிஸ்டல்களில் டிரிகர் கனமாக இருக்கிறது, இழுக்கும்போது குறி விலகுகிறது என்பது அவற்றை வைத்திருப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை. யூடியூபைத் திறந்தால் அமெரிக்கர் ஒருவர் மேசைமேல் பிஸ்டலைப் பிரித்துப்போட்டு, சற்று நேரத்தில் புது டிரிகர் மாட்டிக் காட்டுகிறார். அவர் ஊரில் அந்த உதிரிபாகம் கடையில் கிடைக்கும். நம் ஊரில் அதே வேலை 7 ஆண்டு சிறையில் தொடங்கி ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய வழக்கு. அந்த வழக்கு துப்பாக்கிக்காரரோடு நிற்காது. ‘தெரிந்தவர்’ என்பதற்காக அதை அரம் போட்டு ராவிக் கொடுத்த லேத் பட்டறைக்காரரையும் இழுத்துக்கொண்டு போகும். இதை முதலில் படிக்க வேண்டியவர் அவர்தான்.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு துப்பாக்கி தயாரிப்பதையும் விற்பதையும் மட்டும் கட்டுப்படுத்தவில்லை. மாற்றியமைப்பது, பழுதுபார்ப்பது, சோதித்துப் பார்ப்பது எல்லாமே அதற்கென்று தனி உரிமம் பெற்றவர் மட்டும் செய்யலாம் என்கிறது. துப்பாக்கி வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் வேறு, துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் லைசென்ஸ் வேறு. முதலாவது கையில் இருப்பதால் இரண்டாவது தானாக வந்துவிடாது. 2019 டிசம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் இந்தப் பிரிவை மீறுவதற்கான குறைந்தபட்சத் தண்டனையை 7 ஆண்டாக்கியது. மேல் எல்லை ஆயுள். தஞ்சாவூர் சுற்றுவட்டத்தில் பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து, டிராக்டருக்குப் புஷ் போட்டுப் பிழைக்கும் ஒரு தொழிலாளிக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. ஒரு சின்ன இரும்புத் துண்டு, கால் மணி நேர வேலை, இருநூறோ முந்நூறோ கூலி என்றுதான் அவருக்குத் தோன்றும்.

துப்பாக்கியின் பாகங்களும் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியே. ‘சில்லறை உதிரிபாகங்களுக்கு விலக்கு இருக்கிறதே’ என்று வாதாடுபவர்கள் உண்டு. 45-வது பிரிவில் அப்படி ஒரு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் அந்தப் பாகத்தை மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இல்லாதபோது மட்டுமே அது செல்லும். பிஸ்டலில் மாட்டுவதற்கென்றே வாங்கிய டிரிகருக்கு அந்த நிழலில் இடமில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் வைத்துக் கொண்டுவரட்டும் என்று நினைப்பது இன்னும் மோசம். இங்கே இறங்கியதும் ஆயுதச் சட்டத்தின் 10-வது பிரிவும் சுங்கச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். டெல்டாவில் வீட்டுக்கு ஒருவர் போய் வரும் சிங்கப்பூரிலோ, சட்டவிரோதத் துப்பாக்கி வழக்குக்குச் சிறையோடு பிரம்படியும் உண்டு. உதவி செய்ய வந்த மச்சானை அந்த இடத்தில் நிறுத்திவிடாதீர்கள்.

சட்டம் ஏன் இவ்வளவு கடுமை என்று கேட்டால், பிஸ்டலின் உள்ளே பார்க்க வேண்டும். செமி-ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் ஒருமுறை சுட்டதும் மேலே உள்ள ஸ்லைடு பின்னால் பாய்ந்து, காலி ஓட்டை வெளியே தள்ளி, சுத்தியலை மறுபடி சாய்த்து, அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு முன்னால் வந்து மூடும். அந்த நொடியில் சாய்ந்து நிற்கும் சுத்தியலை விழாமல் பிடித்திருப்பது ‘சியர்’ என்னும் சின்னக் கொண்டி. இரண்டு உலோக விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் அகலம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும். டிரிகரை இழுப்பது என்றால் அந்தக் கொண்டியை விளிம்பிலிருந்து நழுவவிடுவதுதான். இலகுவாக்குகிறேன் என்று அங்கே அரம் வைத்தால் பிடிமானம் குறைகிறது. அந்த விளிம்புகளின் மேல்பரப்பு மட்டும் கடினமாக்கப்பட்டிருந்தால், அந்தத் தோலும் போய்விடும். உள்ளே இருக்கும் மெது இரும்பு சில டஜன் தோட்டாக்களிலேயே தேயத் தொடங்கும்.

அதற்குப் பிறகு மூன்றில் ஒன்று நடக்கலாம். கீழே விழுந்த அதிர்ச்சியில் துப்பாக்கி வெடிக்கலாம். தோட்டா ஏற்றி ஸ்லைடை மூடும்போதே, விரல் டிரிகரில் இல்லாமலே, வெடிக்கலாம். மூன்றாவதுதான் சட்டப்படி மிகப் பெரிய ஆபத்து. ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு மட்டும் என்று காவல் காக்கும் டிஸ்கனெக்டர் செயலிழந்து, விரலை எடுக்கும்வரை குண்டு பாய்ந்துகொண்டே இருக்கலாம். டிரிகரில் அழுத்தம் இருக்கும்வரை தொடர்ந்து சுடும்படி வடிவமைக்கப்பட்ட, அல்லது அப்படி மாற்றப்பட்ட துப்பாக்கியைச் சட்டம் ‘தடைசெய்யப்பட்ட ஆயுதம்’ என்கிறது. ‘அல்லது மாற்றப்பட்ட’ என்ற இடத்தைக் கவனியுங்கள். காலையில் லைசென்சுள்ள பிஸ்டலாக இருந்தது, பட்டறையிலிருந்து திரும்பும்போது இயந்திரத் துப்பாக்கியின் வகையில் சேர்ந்துவிடும். அதை வைத்திருந்தாலே 7 முதல் 14 ஆண்டு.

பெரிய தொழிற்சாலைகளே இந்த இடத்தில் தடுமாறியிருக்கின்றன. சிக் சாவர் நிறுவனத்தின் பி320 பிஸ்டல் சில கோணங்களில் கீழே விழுந்தால் தானாகச் சுடுகிறது என்று தெரியவந்து, 2017 ஆகஸ்டில் அந்த நிறுவனம் விற்ற பிஸ்டல்களுக்கே டிரிகர் பாகங்களை மாற்றித் தரும் திட்டத்தை அறிவித்தது. டிரிகர் பாகத்தின் எடையைக் குறைத்தார்கள், சியரை மாற்றினார்கள், தனியாக ஒரு டிஸ்கனெக்டரும் சேர்த்தார்கள். பொறியாளர்களும் சோதனைக் கூடங்களும் உள்ள நிறுவனத்துக்கு இந்த நிலை என்றால், வைஸில் இறுக்கி அரம் போடுகிற வேலையை என்ன சொல்வது? நியூயார்க் மாநகரக் காவல்துறையோ நேர் எதிர்த் திசையில் போனது. பதற்றத்தில் விரல் தவறிவிடக் கூடாது என்பதற்காக, வழக்கமானதைவிட மிகக் கனமான, 12 பவுண்டு, அதாவது சுமார் ஐந்தரைக் கிலோ இழுவையுள்ள டிரிகரைப் பல ஆண்டுகள் வைத்திருந்தது. அவ்வளவு கனம் குறியைக் கெடுக்கும் என்பது வேறு விவாதம். ஆனால் நீங்கள் குறை சொல்லும் அந்தக் கனம், அலமாரியிலிருந்து எடுக்கும்போதும் உறையில் செருகும்போதும் உங்கள் தொடையைக் காக்கிறது.

டெல்டாவின் தரை சமதளம். அறுவடை முடிந்த வயலில் குண்டைத் தடுக்க மேடு பள்ளம் கிடையாது, சாதாரண .32 குண்டே ஒரு கிலோமீட்டரைத் தாண்டிப் போகக்கூடியது. 2021 டிசம்பர் 30 அன்று பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, பாதுகாப்புப் படையினரின் துப்பாக்கிச் சுடும் பயிற்சி நடந்தபோது, 11 வயதுச் சிறுவன் ஒருவனின் தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்துபோனான். அதற்கும் டிரிகர் மாற்றத்துக்கும் தொடர்பில்லை. பயிற்சி பெற்றவர்கள், அதற்கென்று அமைத்த தளத்தில் சுட்டபோதே இது நடந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்படியானால் டிரிகர் உண்மையிலேயே பழுதாகியிருந்தால் என்ன செய்வது? தோட்டாவை இறக்கி, தனியே பூட்டி வைத்துவிட்டு, பழுதுபார்க்கும் உரிமம் உள்ள ஆயுத வியாபாரியிடம் லைசென்சோடு போக வேண்டும். அவருடைய உரிமத்தில் பழுதுபார்ப்பும் இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். ஒப்படைத்ததற்கான ரசீதில் துப்பாக்கி எண், உங்கள் லைசென்ஸ் எண், என்ன பழுது, எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பதெல்லாம் எழுதி வாங்குங்கள். தயாரிப்பாளரின் அசல் பாகத்தை மட்டும் போடச் சொல்லுங்கள். திருச்சியில் 1966 முதல் இயங்கும் துப்பாக்கித் தொழிற்சாலை இருப்பதால், ‘அங்கே வேலை பார்த்தவர் ஒருவரைத் தெரியும்’ என்ற யோசனை நம் பக்கத்தில் யாருக்கும் வரக்கூடும். அவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், உரிமம் இல்லாமல் உங்கள் துப்பாக்கியைத் தொட்டால் அவரும் அதே 5-வது பிரிவில்தான் நிற்பார்.

விளையாட்டுக்காகச் சுடுபவர்களின் கதை வேறு. 2022 ஜூலையில் திருச்சி ரைஃபிள் கிளப்பில் நடந்த மாநிலப் போட்டிக்கு நடிகர் அஜித்குமார் வந்து பதக்கங்கள் வென்ற பிறகு, துப்பாக்கி சுடுதலை ஒரு விளையாட்டாகப் பார்க்கும் பேச்சு நம் பக்கத்திலும் பரவியது. நல்லதுதான். போட்டிகளுக்கான பிஸ்டல்களில் இழுவையைக் கூட்டிக் குறைக்கத் தயாரிப்பாளரே திருகு வைத்திருப்பார். அந்த வரம்புக்குள் திருப்பிக்கொள்வது வழக்கமான பயன்பாடு. அதற்கும் கீழ்வரம்பு உண்டு. பன்னாட்டு விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம், 25 மீட்டர் பிரிவுக்கு 1,000 கிராம். எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். இலகுவான டிரிகரின் சுகம் வேண்டும் என்றால் முறையான இடம் இதுதான். 0.177 அங்குலக் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர்கன்னுக்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை.

ஆனால் அந்த ஏர்கன்னிலும் கை வைக்கிறார்கள். ஸ்பிரிங்கை மாற்றி வேகத்தைக் கூட்டுகிறார்கள். 20 ஜூலைத் தாண்டிய நிமிடமே அது லைசென்ஸ் தேவைப்படும் ஆயுதம். பெரும்பாலும் இதற்குக் காரணம் கொக்கும் மடையானும். சம்பா வயலில் இறங்கும் நீர்ப்பறவைகளைச் சுடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தனிக் குற்றம். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் பறவைச் சரணாலய ஏரிகள் 2022-இல் ராம்சர் தலங்களாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டவை. அந்த ஏரிகளில் கூடு கட்டும் பறவைகள் இரை தேடி வருவது நம் வயல்களுக்குத்தான். பயிருக்கு உண்மையிலேயே விலங்குத் தொல்லை இருந்தால், பயிர்ப் பாதுகாப்புக்காகக் குழல்வாய் வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு விண்ணப்பிக்க ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவிலேயே வழி இருக்கிறது.

டெல்டாவுக்கே உரிய இன்னொரு சிக்கல், தாத்தா துப்பாக்கி. பழைய மிராசு வீடுகளில் லைசென்ஸ்காரர் இறந்து ஆண்டுகள் ஓடியும் பீரோவுக்குள் கிடக்கும். துருப்பிடித்த டிரிகரைச் சரிசெய்ய வேண்டும் என்று பேரன் எடுத்துப் பார்க்கும்போதுதான் வினை தொடங்கும். இந்த மண்ணில் துப்பாக்கி யார் வீட்டில் இருந்தது, யாரை நோக்கித் திரும்பியது என்பதை மறக்க முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டபோது, குடிசைகளைச் சூழ்ந்தவர்கள் துப்பாக்கிகளோடு வந்திருந்தார்கள். ஆகவே அதைக் குடும்பப் பெருமையாகச் சும்மா வைத்திருக்காதீர்கள். லைசென்ஸ் காலாவதியானாலும் லைசென்ஸ்காரர் இறந்தாலும், தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21-வது பிரிவு. ஒப்படைப்பதால் உரிமை போய்விடாது. வாரிசு, மற்ற வாரிசுகளின் சம்மதத்தோடு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம். லைசென்ஸ்காரர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு 70 வயது ஆனதும், அல்லது 25 ஆண்டு அந்தத் துப்பாக்கியை வைத்திருந்த பிறகு, மாற்றிக் கேட்கவும் 2016 விதிகளில் இடமுண்டு. ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான். பரம்பரைத் துப்பாக்கியும் அந்தக் கணக்கில் சேரும். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு சிறை.

ஏற்கெனவே டிரிகரை மாற்றிவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தத் துப்பாக்கியைக் கொண்டு இனிச் சுட வேண்டாம். வெண்ணாற்றிலோ கல்லணைக் கால்வாயிலோ வீசிவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். லைசென்சில் உள்ள துப்பாக்கி காணாமல்போனால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். தோட்டாவை இறக்கிப் பூட்டிவிட்டு, முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் தொலைக்காமல் வையுங்கள். நீங்களாகவே அதைத் திரும்ப மாட்டிவிடாதீர்கள்; அதுவும் பழுதுபார்ப்புதான்.

லைசென்சை ரத்துசெய்தாலும், கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பத்தை நிராகரித்தாலும், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. பொதுநலன் கருதிக் காரணம் சொல்ல மறுக்கும் விதிவிலக்கு சிறியது. அந்த உத்தரவுக்கு எதிராக 18-வது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். 30 நாள் கெடுவை நழுவவிடாதீர்கள். காவல்துறையினர் சோதனைக்கு வந்தால், 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-வது பிரிவுப்படி சோதனையும் பறிமுதலும் ஒலி-ஒளிப் பதிவாக வேண்டும். பறிமுதல் பட்டியலில் துப்பாக்கி எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கைது என்றால் காரணம் சொல்லப்பட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தப்பட வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தார் என்ற 3-வது பிரிவு வழக்கை, மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன்அனுமதி இல்லாமல் நடத்த முடியாது. அந்த அனுமதி கோப்பில் இருக்கிறதா என்று உங்கள் வழக்கறிஞர் பார்க்கட்டும்.

பட்டறைத் தொழிலாளி காவலில் வைக்கப்பட்டுவிட்டால், அவர் வருமானம் எவ்வளவு என்று யாரும் கேட்கத் தேவையில்லை. காவலில் இருக்கும் எவருக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு என்று 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-வது பிரிவு சொல்கிறது. வீட்டார் தஞ்சாவூர் மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம், அல்லது 15100 என்ற இலவச எண்ணில் கூப்பிடலாம்.