பனித் தீவில் ஒரு தாய்

மாதம் ஐம்பது டாலர் சம்பளம். வேலை, துணி தைப்பது. வேலை செய்ய வேண்டிய இடம் மட்டும் கொஞ்சம் தொலைவு: சைபீரியாவுக்கு வடக்கே, பனிக்கட்டிகள் மிதக்கும் கடலுக்கு நடுவில், மனித சஞ்சாரமே இல்லாத ஒரு தீவு!

உங்களுக்கு இப்படி ஒரு வேலை வந்தால் என்ன சொல்வீர்கள்? “வேலையும் வேண்டாம், சம்பளமும் வேண்டாம்” என்று பெரிய கும்பிடாகப் போட்டுவிடுவீர்கள், அல்லவா? ஆனால் 1921-ஆம் ஆண்டில் ஓர் இளம்பெண் “வருகிறேன்” என்று சொல்லிக் கப்பல் ஏறினாள். அவள் பெயர் ஏடா பிளாக்ஜாக். வயது இருபத்து மூன்று.

பொன்னைத் தேடியும் புகழைத் தேடியும் காட்டுக்கும் பாலைவனத்துக்கும் பனிவெளிக்கும் புறப்பட்ட ஆண்பிள்ளைகளின் கதைகளை நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள். ஏடா தேடிப் போனது பொன்னும் அல்ல, புகழும் அல்ல. தன் பிள்ளையின் வைத்தியச் செலவுக்குப் பணம்!

நாற்பது மைல் நடை

ஏடா அலாஸ்காவில் பிறந்தவள். இனுபியாட் என்ற வடபுலத்துப் பழங்குடியைச் சேர்ந்தவள். அந்நாளில் வெளியார் அந்த மக்களை எஸ்கிமோக்கள் என்று அழைத்தார்கள். எஸ்கிமோ என்றாலே கையில் ஈட்டியோடு கரடி வேட்டைக்குக் கிளம்புகிறவர்கள் என்றுதானே நினைக்கத் தோன்றுகிறது? ஏடாவுக்கு வேட்டை தெரியாது. சிறு வயதிலேயே தந்தையை இழந்து, நோம் நகரத்தில் பாதிரிமார் பள்ளியில் வளர்ந்தாள். அங்கே அவள் கற்றது கொஞ்சம் ஆங்கிலம், சமையல், தையல். வெண்கரடி என்றாலோ குலை நடுக்கம்.

பதினாறு வயதில் கல்யாணம். மூன்று குழந்தைகள் பிறந்து, இரண்டு இறந்தன. மிஞ்சியவன் பென்னட் ஒருவன்தான். கணவன் கைவிட்டுவிட்டான். ஐந்து வயதுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு நோம் நகரத்துக்கு நாற்பது மைல் நடந்தாள் ஏடா. பிள்ளைக்குக் கால் ஓய்ந்தபோதெல்லாம் தூக்கிக்கொண்டு நடந்தாள். பென்னட்டுக்கு க்ஷயரோகம். வைத்தியத்துக்குப் பணம் ஏது? வேறு வழியில்லாமல் பிள்ளையை ஓர் அநாதை விடுதியில் விட்டுவிட்டு, துணி தைத்தும் வீடு பெருக்கியும் வயிறு கழுவினாள்.

அந்தச் சமயத்தில்தான் ஐம்பது டாலர் வேலை வந்தது.

“துருவம் நம் சினேகிதன்!”

வில்ஜால்மர் ஸ்டெஃபான்ஸன் என்பவர் அந்த நாளில் பிரபலமான துருவ யாத்திரிகர். துருவப் பிரதேசம் மனிதனுக்குச் சினேகிதன்தான். துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவன் அங்கே சௌக்கியமாக வாழலாம் என்பது அவருடைய கட்சி. ராங்கல் தீவுக்கு ஆட்களை அனுப்பிக் குடியிருக்கச் செய்து, அதைப் பிரிட்டிஷ் கொடியின் கீழ்க் கொண்டுவர அவர் திட்டமிட்டார். ஆனால் அவர் போகவில்லை. நான்கு வாலிபர்களை அனுப்பி வைத்தார்.

தலைவர் ஆலன் கிராஃபோர்டுக்கு வயது இருபது; கல்லூரி மாணவர். மில்டன் காலே அவரைவிட இளையவர். லார்ன் நைட், ஃபிரெட் மௌரர் இருவருக்கும் துருவ அனுபவம் உண்டு. மௌரர் 1914-இல் கப்பல் மூழ்கி, இதே ராங்கல் தீவில் மாதக்கணக்கில் சிக்கி உயிர் பிழைத்தவர். மறுபடியும் அங்கேயே போகத் துணிந்தார் என்றால், பனிவெளிக்கு என்ன வசிய சக்தியோ!

துருவக் குளிரில் விலங்குத் தோல் உடை இல்லாமல் உயிர் வாழ முடியாது. அதைத் தைப்பதற்கு ஆள் வேண்டும். சில இனுபியாட் குடும்பங்கள் வருவதாகச் சொல்லிக் கடைசி நிமிஷத்தில் பின்வாங்கிவிட்டன. ஏடா மட்டும் நின்றாள். நான்கு அந்நிய ஆண்களுடன் தனியாகப் போக அவளுக்குத் தயக்கம் இல்லாமலா இருந்திருக்கும்? ஆனால் ஒரே வருஷம்தானே! திரும்பி வந்தால் பென்னட்டைப் பெரிய டாக்டரிடம் காட்டலாம்.

1921 செப்டம்பர் 16-ந் தேதி அவர்கள் தீவில் இறங்கினார்கள். ஐவரைத் தவிர, விக் என்ற பூனையும் உண்டு. கொண்டு போன உணவு ஆறு மாதத்துக்குத்தான் காணும். மீதியைச் சினேகிதனான துருவம் கொடுக்கும் அல்லவா!

கப்பல் கண்ணிலிருந்து மறைந்ததும் ஏடாவுக்கு ஏக்கம் பிடித்துக்கொண்டது. அழுதாள், வேலை செய்ய மறுத்தாள். அவளைப் பணிய வைக்க ஒரு சமயம் கொடிக் கம்பத்தில் கட்டி வைத்ததும் உண்டு. ஆண்களே எழுதி வைத்த குறிப்புகளிலிருந்து இது தெரியவருகிறது. நாளடைவில் மனம் தேறி, ஊசியைக் கையில் எடுத்தாள்.

கப்பல் வரவில்லை

முதல் வருஷம் வேட்டை கிடைத்தது, பொழுதும் போயிற்று. 1922 கோடையில் அவர்களை அழைத்துவரப் புறப்பட்ட கப்பல், கடலை அடைத்துக் கிடந்த பனிக்கட்டியைப் பிளக்க முடியாமல் திரும்பிவிட்டது. வேட்டையும் அருகிவிட்டது. சூரியனே உதிக்காத இரண்டு மாத இருட்டு. உணவு கரைந்துகொண்டே வந்தது.

1923 ஜனவரி 28-ந் தேதி கிராஃபோர்டு, மௌரர், காலே மூவரும் உறைந்த கடல்மீது நாய் வண்டியுடன் சைபீரியாவை நோக்கிப் புறப்பட்டார்கள், உதவி கொண்டுவர. போனவர்கள் போனவர்களே. அவர்கள் என்ன ஆனார்கள் என்பது இன்றுவரை உலகத்துக்குத் தெரியாது.

தீவில் மிஞ்சியவர்கள் ஏடாவும் நைட்டும். நைட்டோ எழுந்து நிற்க முடியாத நோயாளி. புதிய இறைச்சியும் காய்கனியும் கிடைக்காமல், வைட்டமின் ‘ஸி’ இல்லாமல் வருகிற ஸ்கர்வி அவரைப் பிடித்துவிட்டது. புதிய இறைச்சி கிடைத்தால் பிழைக்கலாம். அதைக் கொண்டுவர யார் இருக்கிறார்கள்?

தையல்காரி வேட்டைக்காரி ஆனாள்! பனியில் பொறி வைத்து வெள்ளை நரி பிடிக்கத் தானாகவே கற்றுக்கொண்டாள். விறகு சுமந்தாள். துப்பாக்கி சுடப் பழகினாள். கிடைத்ததைச் சமைத்து நோயாளிக்கு ஊட்டினாள். நைட், பாவம், வேதனை தாங்காமல் அவளையே திட்டுவார். ஒருநாள் புத்தகத்தைத் தூக்கி அவள்மீது எறிந்தார். வீட்டில் நீண்ட நாள் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு அந்தக் கஷ்டம் புரியும். அழவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது.

ஏடா தன் கொச்சை ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதினாள். அதில் ஓரிடம் படிப்பவர் நெஞ்சை உருக்கும். தான் இறந்துவிட்டால் தன் பொருள்களையெல்லாம் பென்னட்டிடம் சேர்க்கும்படி கேட்டுக்கொண்டிருக்கிறாள். பையன் பள்ளிக்கூடப் பைக்கு என்று ஒரு கறுப்புப் பட்டையைக்கூட ஒதுக்கி வைத்திருந்தாள்!

தன்னந்தனியே

ஜூன் 23-ந் தேதி நைட் இறந்தார். அவரைப் புதைக்க ஏடாவுக்கு உடம்பில் வலு இல்லை. மிருகங்கள் அண்டாதபடி உடலைச் சுற்றிப் பெட்டிகளை அடுக்கிவிட்டு, வேறு கூடாரத்துக்கு மாறினாள். படுக்கைக்கு மேலே கைக்கு எட்டும்படி துப்பாக்கியை மாட்டி வைத்தாள். கரடி வருகிறதா என்று பார்க்க உயரமாக ஒரு மேடை கட்டினாள். கடல் நாயைச் சுட்டாள், பறவை முட்டைகளைப் பொறுக்கினாள், ஒரு சிறு படகுகூடச் செய்துகொண்டாள். பேச்சுத் துணைக்குப் பூனை விக்.

ஆகஸ்டு 20-ந் தேதி ஹெரால்டு நாய்ஸ் என்பவருடைய கப்பல் வந்தது. போன ஐவரில் உயிரோடு திரும்பியவள் ஏடா ஒருத்திதான். பூனையும் பிழைத்தது!

பென்னட்டைக் கட்டிக்கொண்டாள். கிடைத்த பணத்தில் ஸியாட்டில் நகரத்துக்கு அழைத்துப் போய் வைத்தியம் செய்தாள். பத்திரிகைகள் அவளை “பெண் ராபின்ஸன் குரூஸோ” என்று புகழ்ந்தன. பின்பு அதே நாய்ஸ், அவள் நைட்டைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று பழி சொன்னார். அவளுக்குப் பரிந்து பேச யார் வந்தார்கள், தெரியுமா? நைட்டைப் பெற்றவர்கள்! மகனைப் பறிகொடுத்த அந்தத் தாயும் தந்தையும், ஏடா மீது குற்றம் இல்லை என்று உலகறியச் சொன்னார்கள். இதைவிட ஒரு நற்சாட்சிப் பத்திரம் வேண்டுமா?

தீவு யாருக்குக் கிடைத்தது? 1924-இல் சோவியத் கப்பல் ஒன்று வந்து, அங்கே புதிதாக அமர்த்தப்பட்டிருந்தவர்களையும் அப்புறப்படுத்தியது. இன்று ராங்கல் தீவு ருஷ்யாவின் பாதுகாக்கப்பட்ட இயற்கைச் சரணாலயம். 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. ஏடா நடுங்கிய வெண்கரடிகள் அங்கே குட்டி ஈன்று வாழ்கின்றன.

ஸ்டெஃபான்ஸன் 1925-இல் இந்தச் சம்பவத்தைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். ஏடாவோ வறுமையோடு போராடியே காலம் தள்ளினாள். பென்னட் 1972-இல் இறந்தார். ஆம், சிறு வயதில் டாக்டர் செலவுக்கு வழியில்லாமல் கிடந்த அந்தப் பையன் ஐம்பது வயதைத் தாண்டி வாழ்ந்தான்! 1983 மே மாதம், எண்பத்தைந்தாவது வயதில் ஏடாவும் கண்ணை மூடினாள். மகனுக்குப் பக்கத்திலேயே அவளை அடக்கம் செய்தார்கள்.

தீவைத் தேடியவர்களுக்குத் தீவு கிடைக்கவில்லை. பிள்ளைக்காகப் போனவளுக்குப் பிள்ளை கிடைத்தான். வீட்டைவிட்டு வெகுதூரம் போய்ச் சாதித்தவர்களைப் பற்றிப் பேசும்போது, வீட்டுக்குத் திரும்பி வருவதற்காகவே சாதித்த இந்தத் தாயையும் சேர்த்துச் சொல்லுங்கள், சகோதரிகளே!