ஆயிரம் ரூபாய் ஹெல்மெட் போதுமா?

சைக்கிள் கடையில் ஹெல்மெட் மாட்டியிருக்கும் சுவரைப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஒன்று ஆயிரம் ரூபாய், பக்கத்தில் இருப்பது பதினைந்தாயிரம். வீட்டிலிருந்து அலுவலகத்துக்கோ ரயில் நிலையத்துக்கோ ஐந்தாறு கிலோமீட்டர் மிதிப்பவர் எதை வாங்குவது? விலை ஏற ஏறப் பாதுகாப்பும் ஏறும் என்று நினைப்போம். ஹெல்மெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டால் அந்த எண்ணம் மாறிவிடும்.

உள்ளே ஒட்டியிருக்கும் பஞ்சுத் துண்டுகளைக் கழற்றிப் பாருங்கள். சிறு சிறு மணிகள் நெருங்கி ஒட்டிய, கெட்டியான ஒரு பொருள் தெரியும். டிவி பெட்டிக்குள் வைத்து அனுப்புகிறார்களே, அந்தத் தெர்மாகோல்தான். பாலிஸ்டைரின் மணிகளை நீராவியில் உப்பவைத்து அச்சில் வார்த்தது. பெட்டியில் வருவதைவிட அடர்த்தி கூடுதல். ஆயிரம் ரூபாய் ஹெல்மெட்டிலும் பதினைந்தாயிரம் ரூபாய் ஹெல்மெட்டிலும் அடியை வாங்கிக்கொள்வது பெரும்பாலும் இதுதான். 1975இல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் ‘பெல் பைக்கர்’ ஹெல்மெட்டைக் கொண்டுவந்ததிலிருந்து சைக்கிள் ஓட்டிகளிடம் இது பரவியது. அதற்கு முன் பந்தய வீரர்கள் தோல் பட்டைகளைக் கோத்துத் தலையில் கட்டிக்கொண்டார்கள். சிராய்ப்பைத் தடுத்ததற்கு மேல் அவற்றால் பெரிய பயன் இல்லை.

தெர்மாகோல் என்ன செய்கிறது? ஒரு சின்னக் கணக்குப் போடலாம். சைக்கிளில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து விழும் தலை, தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். வெறும் தலை தார்ச்சாலையில் மோதினால் சில மில்லிமீட்டருக்குள் நின்றாக வேண்டும். 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விழுந்த உயரமான 1,500 மில்லிமீட்டரை 3ஆல் வகுத்தால் 500; புவியீர்ப்பைப்போல் சராசரியாக 500 மடங்கு வேக இறக்கம். தெர்மாகோல் நசுங்கி 20 மில்லிமீட்டர் இடம் கொடுத்தால் அதே கணக்கு 75 மடங்காக இறங்கிவிடுகிறது. மூளை பிழைக்கும் வழி அந்த இரண்டு சென்டிமீட்டரில் இருக்கிறது. மேலே உள்ள மெல்லிய பிளாஸ்டிக் ஓடு, தெர்மாகோல் சிதறாமல் பிடித்துக்கொள்ளும். சாலையில் தலை சிக்கிக்கொள்ளாமல் வழுக்கிச் செல்லவும் விடும்.

இதையேதான் சோதனைக்கூடங்களிலும் பார்க்கிறார்கள். உள்ளே உலோகத் தலையை வைத்து ஹெல்மெட்டை இரும்புத் தளத்தில் விழவிடுகிறார்கள். ஐரோப்பியத் தரமான இஎன் 1078இன்படி, ஒன்றரை மீட்டரிலிருந்து விழும்போது அடியின் உச்சம் புவியீர்ப்பைப்போல் 250 மடங்கைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவின் சிபிஎஸ்சி தரத்தில் உயரம் 2 மீட்டர், எல்லை 300 மடங்கு. மலிவான ஹெல்மெட்டுக்குத் தனிச் சலுகை கிடையாது. இந்த முத்திரை வேண்டுமென்றால் எல்லாமே இதே தளத்தில் விழுந்து எழ வேண்டும்.

அப்படியானால் மீதிப் பணம் எதற்கு? எடை நூறு கிராம் குறையும், காற்றுத் துளைகள் கூடும், காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவம் கிடைக்கும். பந்தயக்காரருக்கு இவை தேவை. மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரில் வேலைக்குப் போகிறவருக்கு, நம் வெயிலுக்கு, நல்ல காற்றோட்டம் ஒன்று போதும்.

கூடுதலாகக் கொஞ்சம் செலவழிக்கத் தகுந்த ஒன்றும் உண்டு. சாலையில் விழும் தலை பெரும்பாலும் சாய்வாகத்தான் மோதும். அப்போது தலை திருகப்பட்டு மூளைக்குக் காயம் ஏற்படுகிறது. ஸ்வீடன் ஆய்வாளர்கள் உருவாக்கிய ‘மிப்ஸ்’ என்ற உள்ளடுக்கு, மோதும் கணத்தில் ஹெல்மெட்டைத் தலையின்மேல் 10 முதல் 15 மில்லிமீட்டர் நழுவவிட்டு அந்தத் திருகலைக் குறைக்கிறது. திருகலையும் சேர்த்து அளந்து ஹெல்மெட்டுகளுக்கு நட்சத்திரம் கொடுக்கிறது அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம். 50 டாலருக்கு விற்ற ‘ஸ்பெஷலைஸ்டு அலைன் 2’ என்ற ஹெல்மெட் அங்கே ஐந்து நட்சத்திரம் வாங்கியது.

கடையில் விலைச் சீட்டைப் பார்க்கும் முன் ஹெல்மெட்டைக் கவிழ்த்து உள்ளே ஒட்டியிருக்கும் வில்லையைப் படியுங்கள். இஎன் 1078 அல்லது சிபிஎஸ்சி என்று இருக்க வேண்டும். இஎன் 812 என்றிருந்தால் வாங்காதீர்கள். அது தொழிற்கூடத்தில் தலை இடித்துக்கொள்ளாமல் இருக்கப் போடும் தொப்பி. நமக்குப் பழக்கமான ஐஎஸ் 4151 முத்திரை மோட்டார் இருசக்கர வாகனங்களுக்கானது. அந்த ஹெல்மெட் கனமானது, அதைப் போட்டுக்கொண்டு மிதித்தால் வியர்த்துக்கொட்டும். எந்த முத்திரையும் இல்லாமல், பிளாஸ்டிக் ஓட்டுக்குள் வெறும் ஸ்பாஞ்சு மட்டும் இருப்பது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அடுத்து அளவு. புருவத்துக்கு ஒரு விரல் மேலே, தலையைச் சுற்றி டேப்பால் அளந்து, பெட்டியில் உள்ள சென்டிமீட்டர் அளவோடு ஒப்பிடுங்கள். போட்டதும் ஹெல்மெட் நெற்றியை மூட வேண்டும். புருவத்துக்கும் அதற்கும் இடையே இரண்டு விரல்தான் இடைவெளி. பட்டைகள் காதுக்குக் கீழே சேர வேண்டும். தாடைப் பட்டைக்குள் ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல் நுழையலாம். பின்பக்கத் திருகியை இறுக்கி, பட்டை மாட்டாமலே தலையை ஆட்டுங்கள். ஆடினால் அடுத்த சிறிய அளவைக் கேளுங்கள். கொண்டை போடுபவர்கள் அதைத் தாழ்த்திப் பின்னிக்கொண்டு போட்டுப் பார்க்க வேண்டும்; உச்சிக் கொண்டைமேல் கவிழ்த்தால் ஹெல்மெட் உட்காராது.

வியர்வையும் தலை எண்ணெயும் படிந்தால் சோப்புத் தண்ணீர் போதும். தின்னர், பெட்ரோல், பெயின்ட் பட்டால் தெர்மாகோல் கரைந்துவிடும். பூட்டிய காரின் வெக்கையில் போட்டுவைக்காதீர்கள். ஒருமுறை பலமாக அடி வாங்கியதை, வெளியே விரிசல் தெரியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள். நசுங்கிய மணிகள் மறுபடி உப்பாது.

பேருந்து மோதினால் காப்பாற்றும் என்று எந்த ஹெல்மெட்டும் உறுதி தருவதில்லை. குழியில் சக்கரம் இறங்கியோ, மணலில் சறுக்கியோ நாமே விழுகிற விழுதலுக்குத்தான் அது தயாரிக்கப்படுகிறது. அந்த வேலைக்கு, முத்திரையும் சரியான அளவும் இருந்தால், ஆயிரம் ரூபாய் ஹெல்மெட் தாராளமாகப் போதும். மிச்சமாகும் பணத்தில் சைக்கிளுக்கு முன்னால் ஒரு விளக்கும் பின்னால் ஒரு சிவப்பு விளக்கும் வாங்கி மாட்டுங்கள்.