425/17: பழைய படங்களில் ஜெர்மானியப் போர் விமானங்கள்

முதல் உலகப் போரில் பறந்த ஜெர்மானியத் தரைப்படை விமானங்களின் ஒளிப்படங்களை ஆராய்வோர், உடற்பகுதியின் பக்கத்திலோ வாலின் நிமிர்ந்த தகட்டிலோ எழுதப்பட்டிருக்கும் குறியீட்டையே முதலில் தேடுகின்றனர். 'இட்ஃபிளீக்' எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட படைத்துறை விமானத் தலைமையகத்தின் முறைப்படி, தயாரிப்பாளரின் பெயர்ச்சுருக்கத்தை அடுத்து விமான வகையைக் காட்டும் எழுத்தும், அவ்வகையில் அது எத்தனையாவது மாதிரி என்பதும், இறுதியாகச் சாய்கோட்டுடன் கூடிய எண்ணும் இடம்பெற்றன. ஆயுதமற்ற ஈரிருக்கை விமானம் 'பி' என்றும், ஆயுதம் தாங்கிய ஈரிருக்கை விமானம் 'சி' என்றும், இரட்டை இறக்கையுள்ள ஒற்றை இருக்கைச் சண்டை விமானம் 'டி' என்றும், மூன்று இறக்கைகள் கொண்டது 'டிஆர்' என்றும் குறிக்கப்பட்டன. 1918 ஏப்ரல் 21 அன்று மன்ஃபிரெட் ஃபான் ரிச்தோஃபன் உயிரிழந்தபோது ஓட்டிய ஃபோக்கர் டிஆர்.1 விமானத்தின் எண் 425/17. இதில் 17 என்பது அதற்கான கொள்முதல் ஆணை பிறந்த ஆண்டேயன்றி, அது பறந்த ஆண்டு அன்று. 'டிஆர்' என்ற வகை வருமுன் வந்திறங்கிய இரு முன்னோடி மூவிறக்கை விமானங்கள் 'எஃப்' என்ற எழுத்துடன் 102/17, 103/17 என எண்ணிடப்பட்டதால், எழுத்தை மட்டும் நம்புவோர் அவற்றை வேறு விமானமாகக் கருதிவிடக்கூடும்.

எண்ணே தெரியாத படங்கள் ஏராளம்; படையணிகள் தம் வண்ணங்களைப் பூசும்போது அதையும் மறைத்துவிட்டன. அப்போது உடலமைப்பே சாட்சி. அல்பட்ராஸ் டி.2 விமானத்தின் இரு இறக்கைகளையும் இணையான கம்பங்கள் தாங்க, டி.3-இல் ஒடுங்கிய கீழிறக்கையை 'வி' வடிவக் கம்பம் தாங்குகிறது. டி.5-ஐ அதன் வட்டமான வால் சுக்கானால் அறியலாம் என்பது வழக்கமான குறிப்புதான். ஆனால் ஷ்னைடெமூல் நகரத்துத் தொழிற்சாலை டி.3-க்கும் அத்தகைய சுக்கானையே பொருத்தியது. ஆகவே சுக்கானை விட்டு, டி.3-இன் தட்டையான பக்கங்களையும் டி.5-இன் முட்டை வடிவக் குறுக்குவெட்டையும் பார்ப்பதே பாதுகாப்பானது. ஃபோக்கர் டி.7 மூன்று தொழிற்சாலைகளில் உருவானது; எஞ்சின் மூடியிலுள்ள காற்றுப் பிளவுகளின் அமைப்பு, எந்தத் தொழிற்சாலை என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

காலத்தைக் கணிக்கச் சிலுவைக்குறி உதவுகிறது: நுனி அகன்ற சிலுவைக்குப் பதிலாக நேர்கோட்டுச் சிலுவை 1918 வசந்தத்தில் கட்டாயமானது, பழையதன் மேல் புதியதைத் தீட்டிய தடயம் தெரிந்தால், அந்தப் படம் மாற்றத்திற்குப் பிந்தையது என்று துணியலாம். வண்ணத்தைக் கணிப்பதோ ஆபத்தானது, ஏனெனில் அக்காலத்தில் பரவலாக வழங்கிய படத் தகடுகள் சிவப்பொளியை அநேகமாக உணராமல் நீலத்தை மிகையாக உணர்ந்தன. எனவே செந்நிறம் கருமையாகவும் வெளிர்நீலம் ஏறத்தாழ வெள்ளையாகவும் பதிந்திருக்கும். சாம்பல் நிறத்தின் அடர்த்தியை மட்டும் பார்த்து ஒரு விமானத்துக்கு வண்ணம் தீட்டும் ஓவியர்கள் பெரும்பாலும் ஊகத்தையே தீட்டுகின்றனர்.

கடற்படையின் முறை முற்றிலும் வேறு. அதன் நீர்விமானங்கள் ஆண்டோ வகை எழுத்தோ இல்லாத வெற்று எண்களையே ஏற்றதால், கடற்படைப் பதிவேட்டின் துணையின்றி அவ்வெண் எதையும் சொல்லாது. 1917-இல் கொழும்புக்கும் பம்பாய்க்கும் அருகே கண்ணிவெடிகளைப் பரப்பிய 'வோல்ஃப்' என்ற கப்பல் சுமந்துசென்ற ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபன் நீர்விமானம், அப்பதிவேட்டில் 841 மட்டுமே.