பூனைக்கும் பத்தியம்

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்வது நம் வழக்கம். அவ்வாறு சென்ற ஒரு நாளில், தனியாக வாழும் மூதாட்டி ஒருவர் வாசற்படியிலேயே அழுதுகொண்டு அமர்ந்திருக்கக் கண்டோம். அவர் மடியில் ஒரு பூனை. அதன் உடல் நடுங்கிற்று. எழுந்து நிற்க முயன்று தள்ளாடி விழுந்தது.

"சாமி! நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன்" என்றார் அவர்.

நடந்தது இதுதான். பூனைக்கு நீரிழிவு நோய் எனக் கண்ட கால்நடை மருத்துவர், இன்சுலின் ஊசியும் புதிய உணவும் குறித்துக் கொடுத்தார். மூதாட்டியும் நீரிழிவு நோயாளியே. ஊசி போட்டுப் பழகியவர். பல்லாண்டுகளாக ஊட்டி வந்த பால்சோற்றை அன்றே நிறுத்திப் புதிய உணவை முழு அளவில் வைத்தார். மறுநாள் பூனைக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. 'லங்கணம் பரம ஔஷதம்' என்று நம் முன்னோர் சொன்னபடி, மூன்றாம் நாள் அதைப் பட்டினி போட்டார். ஆனால் காலை ஊசியை மட்டும் தவறாமல் போட்டுவிட்டார்!

மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தோம். சர்க்கரைக் கரைசலைப் பூனையின் ஈறுகளில் தடவும்படியும், வாயினுள் ஊற்றாமல் உடனே எடுத்து வரும்படியும் அவர் கூறினார். பூனை பிழைத்தது. அன்று அவரிடம் நாம் கேட்டறிந்தவை நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம்.

பூனை இயல்பிலேயே ஊனுண்ணி. நீரிழிவுற்ற பூனைக்குச் சோறு போன்ற மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தை மிகுத்துக் கொடுப்பதே ஏற்றது. இதனாலும் முறையான இன்சுலினாலும் சில பூனைகள் பின்னர் ஊசியே தேவையில்லாத நிலையை அடைவதும் உண்டு. ஆனால் குடலும் அதில் வாழும் நுண்ணுயிர்களும் பழைய உணவுக்கே பழகியவை. மாற்றம் திடீரென வந்தால் வயிறு கலங்கும்.

ஆகவே மாற்றம் படிப்படியாக அமைய வேண்டும். முதல் 3 நாட்கள் புதிய உணவு கால் பங்கு. அடுத்த 3 நாட்கள் பாதி. அதற்கடுத்த 3 நாட்கள் முக்கால். 10ஆம் நாள் முழுவதும். மலம் இளகினாலும் பூனை நன்றாக உண்டு சுறுசுறுப்பாக இருக்குமாயின், முந்தைய படிக்குத் திரும்பிச் சில நாட்கள் தங்கி, பின்னர் முன்னேறலாம். மூன்று வாரம் ஆனாலும் குற்றமில்லை. தூய நீர் எப்போதும் அருகில் இருக்கட்டும். பால் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிப்பதில்லை, அதுவே வயிற்றுப்போக்கை உண்டாக்கும்.

இங்கே முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. மாவுச்சத்து குறையக் குறைய இன்சுலின் தேவையும் குறையும். பழைய அளவையே போட்டுவந்தால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். ஆதலின் உணவை மாற்றத் தொடங்குமுன்னரே மருத்துவரிடம் தெரிவித்து, அவர் சொற்படி சர்க்கரையைச் சோதித்து, ஊசியின் அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். பூனை உண்ணாவிட்டாலோ, உண்டதை வாந்தி எடுத்தாலோ, அவரைக் கேளாமல் ஊசி போடலாகாது.

பட்டினி நமக்கு மருந்தாகலாம், பூனைக்கு ஆகாது. இரண்டு மூன்று நாட்கள் உண்ணாத பூனைக்கு, குறிப்பாகப் பருத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். நீரிழிவோடு கணைய அழற்சியும் சேர்ந்திருப்பது உண்டு; எனவே எல்லா வாந்திக்கும் உணவே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. வாந்தி தொடர்ந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், ஒரு நாள் முழுவதும் உண்ணாவிட்டாலும், சோர்ந்து கிடந்தாலும் அன்றே மருத்துவரை நாட வேண்டும். வீட்டிலுள்ள மாத்திரைகளைக் கொடுக்கலாகாது. நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சாகும்.

'ஏழைகள் பலர் இருக்கப் பூனைக்கு இவ்வளவா?' என்று சிலர் கேட்கக்கூடும். 1992ஆம் ஆண்டு வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் இரண்டையும் கூறுகிறது: விலங்குகளுக்கு நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டுள்ளோம், ஆயினும் மனிதரின் துயர் துடைக்க வேண்டிய பணத்தை அவற்றுக்காகச் செலவிடுவது முறையன்று. மேலே கூறிய பக்குவத்துக்கு வேண்டியது பெரும்பாலும் பணமன்று, பொறுமையே.

அந்த மூதாட்டியிடம் அன்புக்குக் குறைவில்லை. அவசரம்தான் தீங்கு செய்தது. அன்புக்கு விவேகம் துணைநிற்க வேண்டும் என்று பிரசங்க மேடையில் பலமுறை கூறியிருக்கிறோம். அன்று ஒரு வாசற்படியில் அதை நாமே மீண்டும் கற்றோம்.

இப்பொழுதும் முதல் வெள்ளிக்கிழமைகளில் அவ்வீட்டிற்குச் செல்கிறோம். ஊசி போடுமுன் தட்டு காலியாயிற்றா என்று பார்க்கும் வழக்கம் அவருக்கு வந்துவிட்டது. பூனை நம்மைக் கண்டதும் கட்டிலுக்கடியில் ஓடி ஒளிகிறது, தள்ளாடாமல்தான் ஓடுகிறது.