சூடானால் நிற்குது, ஆறினால் ஓடுது... பழைய காருக்கு கிராங்க் சென்சார் வாங்கப் போறீங்களா?

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கார், உச்சி வெயிலில் சிக்னலிலோ பைபாஸிலோ திடீரென அணைந்துவிடும். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றும். எஞ்சின் மட்டும் பிடிக்காது. அரை மணி நேரம் ஓரமாக நிறுத்தி வைத்தால், ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிவிடும்.

பத்து, பதினைந்து வருடம் ஓடிய பெட்ரோல் கார் வைத்திருக்கும் பலருக்கு இந்தத் தலைவலி பழக்கமானது. பெட்ரோல் பம்ப், பேட்டரி, பிளக் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்த பிறகுதான் 'கிராங்க் சென்சார்' என்ற பெயரே காதில் விழும். விரல் நீளப் பொருள்தான். ஆனால், தவறானதை வாங்கி மாட்டினால் கார் மறுபடியும் நடுரோட்டில் நிற்கும்.

இதற்கு என்ன வேலை?

எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டோடு ஒரு பல் சக்கரம் சுற்றும். பல கார்களில் அதில் 60 பற்களுக்கு இடம் இருக்கும். வேண்டுமென்றே 2 பற்களை விட்டுவிட்டு 58 மட்டும் வைத்திருப்பார்கள். அந்த இடைவெளி கடக்கும்போது, பிஸ்டன் எந்த இடத்தில் இருக்கிறது என்பது எஞ்சின் கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும். எப்போது பெட்ரோலைப் பீய்ச்ச வேண்டும், எப்போது தீப்பொறி கொடுக்க வேண்டும் என்பதை அதை வைத்தே முடிவு செய்கிறது.

எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் ஓடும்போது, ஒரு நொடிக்கு 2900 பற்கள் சென்சாரைக் கடக்கின்றன. இந்த சிக்னல் நின்றால், பெரும்பாலான கார்களில் பெட்ரோலும் தீப்பொறியும் சேர்ந்தே நின்றுவிடும். கேம் சென்சார் பழுதானால் அப்படியில்லை; பல கார்கள் திக்கித் திணறியாவது ஓடும்.

சென்சாருக்குள் இருப்பது முடியைப் போல மெல்லிய செப்புக் கம்பிச் சுருள். வருடக் கணக்கில் எஞ்சின் சூட்டில் கிடந்து எங்காவது விரிசல் விட்டிருந்தால், சூட்டில் விரியும்போது தொடர்பு விட்டுப்போகும். ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். 'சூடானால் நிற்குது' என்பதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

சென்சார்தான் குற்றவாளியா?

வாங்கும் முன் இதை உறுதி செய்ய வேண்டும். ஸ்கேனர் போட்டால் P0335 என்று வந்தால் கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு. P0340 என்றால் கேம் சென்சார் பக்கம். P0016 வந்தால் இரண்டின் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். அப்போது டைமிங் பெல்ட் அல்லது செயின் பல் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை.

கோடு வந்துவிட்டது என்பதற்காக உடனே சென்சாரைக் கழற்ற வேண்டாம். எலி கடித்த ஒயர், பச்சை பூத்த கனெக்டர், சென்சார் முனையில் ஒட்டிய இரும்புத் துகள் ஆகியவையும் இதே கோடைக் கொண்டுவரும். சுத்தம் செய்து பார்க்கச் செலவு அதிகம் ஆகாது.

கார் பெயர் மட்டும் போதாது

'சான்ட்ரோவுக்கு கிராங்க் சென்சார் கொடுங்க' என்று கேட்டால், கடைக்காரர் கையில் கிடைப்பதைக் கொடுத்துவிடலாம். 1998-ல் வந்த அந்தக் கார் 2014 வரை ஓடியது. முதலில் 999 சிசி, பிறகு 1086 சிசி என்று எஞ்சினே மாறியது. பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் பொருள் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஆர்சி புத்தகத்தில் உள்ள சேஸிஸ் நம்பரைச் சொல்லி பார்ட் நம்பர் கேளுங்கள். பழைய சென்சாரின் மேல் அச்சிட்ட எண்ணோடு அதை ஒப்பிடுங்கள். கனெக்டரின் வடிவம், முனையின் நீளம், போல்ட் ஓட்டை மூன்றும் அப்படியே பொருந்த வேண்டும்.

இன்னொன்று, சென்சாரின் வகை. காந்தமும் சுருளும் கொண்டது ஒரு வகை. பெரும்பாலும் இரண்டு ஒயர். 'ஹால்' வகைக்கு மூன்று ஒயர், வெளியிலிருந்து மின்சாரமும் தேவை. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வேலை செய்யாது. சுருள் வகையிலும் சிலவற்றில் மூன்றாவதாக ஷீல்டு ஒயர் இருக்கும் என்பதால், ஒயரை எண்ணி மட்டும் முடிவுக்கு வரக் கூடாது.

எங்கே வாங்கலாம்?

கார் கம்பெனியின் ஒரிஜினல் பார்ட் நிம்மதி, விலை கூடுதல். பாஷ், டென்சோ போன்ற நிறுவனங்கள் கார் கம்பெனிகளுக்கே சென்சார் செய்து தருபவை. அவற்றின் சொந்தப் பெட்டியில் உங்கள் பார்ட் நம்பருக்கு உரியது கிடைத்தால், பழைய காருக்கு அது நல்ல தேர்வு.

பெயர் தெரியாத மலிவுப் பொருளில் காந்தம் வலுவில்லாமல் இருக்கலாம்; இரண்டு ஒயர்களும் இடம் மாறியிருக்கலாம். அப்படி இருந்தால் ஸ்டார்ட் ஆகும், ஆனால் இழுவை இருக்காது, திணறும். சென்னை புதுப்பேட்டையில் கதவும் பம்பரும் பழையது வாங்கலாம். சென்சார் வேண்டாம், அதுவும் இன்னொரு எஞ்சினின் சூட்டில் வெந்ததுதானே!

எலெக்ட்ரிக்கல் பொருளை மாட்டிவிட்டால் பல கடைகளில் திரும்ப எடுப்பதில்லை. பில் போட்டு, வாரன்டி கேட்டு வாங்குங்கள்.

மாட்டும்போது...

சென்சார் முனைக்கும் பல்லுக்கும் இடைவெளி பொதுவாக 1 மில்லி மீட்டர் அளவில்தான். ஓட்டையில் அழுக்கு இருந்தால் அதுவே இடைவெளியைக் கூட்டிவிடும். சுத்தியலால் தட்டி உட்கார வைக்கக் கூடாது. ஒயர், சைலென்ஸர் பைப் பக்கம் போகாமல் பழைய வழியிலேயே போக வேண்டும். சில கார்களில் மாற்றிய பிறகு ஸ்கேனரில் 'ரீலேர்ன்' செய்ய வேண்டியிருக்கும்.

ஓடும்போது அணைந்தால்?

எஞ்சின் நின்றால் பவர் ஸ்டீயரிங் கனக்கும். பிரேக்கில் ஓரிரு முறைக்குத்தான் வழக்கமான உதவி இருக்கும். பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே சீராக அழுத்தி ஓரம் கட்டுங்கள். ஹசார்டு லைட்டைப் போடுங்கள். வண்டி முழுதாக நிற்கும் வரை சாவியை உருவாதீர்கள். ஸ்டீயரிங் லாக் ஆகிவிடும்.

ஒருமுறை இப்படி நின்று, பிறகு தானாக ஸ்டார்ட் ஆகிவிட்டால் 'சரியாகிவிட்டது' என்று நம்பிக் குடும்பத்தோடு வெளியூர் கிளம்ப வேண்டாம். அடுத்த முறை அது எந்த ரோட்டில் நிற்கும் என்பது யாருக்கும் தெரியாது. முதலில் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஊர்ப் பயணம் அப்புறம்.