எந்த ஏழு சார்?

'பையன் என்ன லெவல்?' மயிலாப்பூர் கல்யாணப் பேச்சுகளில் இப்போது சம்பளத்துக்கு முன்னால் வரும் கேள்வி இதுதான். பையன் கம்பீரமாக 'ஏழு' என்கிறான். மாமாவும் தலையாட்டுகிறார்.

எந்த ஏழு என்று கேட்க வேண்டாமோ?

வருமானவரி இன்ஸ்பெக்டர் லெவல் 7. 2016-லிருந்து அமலான ஏழாவது சம்பளக் கமிஷன்படி ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். இந்தியன் வங்கியில் ஸ்கேல் 7 என்றால் ஜெனரல் மேனேஜர். 2024 ஒப்பந்தப்படி 1,56,500-ல் ஆரம்பம். அசென்ச்சரில் லெவல் 7, மேனேஜர். அங்கே ஏணியைத் தலைகீழாகச் சாத்தியிருக்கிறார்கள். 12, 11, 10 என்று நம்பர் குறையக் குறையத்தான் பதவி ஏறும்!

சரி, பதவிப் பெயரை நம்பலாமா? இந்தியன் வங்கி மேனேஜர் ஸ்கேல் 2. ஸ்டேட் பாங்க் மேனேஜர் ஸ்கேல் 3. சம்பளத்தை? அடிப்படைச் சம்பளத்தில் எந்த வருடம் வரையிலான பஞ்சப்படி கலந்திருக்கிறது என்பது இடத்துக்கு இடம் வேறு. தனியார் கம்பெனி சொல்லும் 'சி.டி.சி.'யிலோ அவர்கள் கட்டும் பி.எஃப். பணம்கூட அடக்கம். டாலரையும் யென்னையும் ரூபாயாக மாற்றாமல் கூட்டினால் ஆடிட்டர் அடிக்க வருவார். இதுவும் அதே கதைதான்.

அடையாறில் இருக்கும் என் அண்ணன் மகனுக்கு எட்டு வருட சர்வீஸ். போன மாதம் போன் பண்ணினான். "சித்தப்பா, இங்க சீனியர் அசோசியேட். அங்க மேனேஜர்னு தராங்க. வியாழக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

எக்செல்லைத் திறக்கச் சொன்னேன். நீங்களும் திறக்கலாம், அரை மணி வேலை. ஐந்து காலம் போடுங்கள்: கம்பெனி, லெவல், பதவி, ஆரம்பம், நீளம். ஒரு படிக்கு வழக்கமாக எத்தனை வருட அனுபவத்தில் வருகிறார்கள் என்பது 'ஆரம்பம்'. அதில் எத்தனை வருடம் உட்காருகிறார்கள் என்பது 'நீளம்'. ஒரு கம்பெனிக்கு மூன்று பேரையாவது விசாரியுங்கள். ஹெச்.ஆரை மட்டும் கேட்டால் எல்லாமே சுபிட்சமாகத் தெரியும்.

கன்ட்ரோல்-டி அமுக்கி அதை டேபிள் ஆக்குங்கள். 'ஸ்டாக்டு பார்' சார்ட் போடுங்கள். 'ஆரம்பம்' பட்டைக்கு 'நோ ஃபில்' கொடுத்தால் அது மாயமாகி, மிச்சப் பட்டைகள் அந்தந்த வருடத்தில் அந்தரத்தில் தொங்கும். கடைசியாக டேபிளுக்கு ஒரு 'ஸ்லைசர்'. கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு இரண்டு கம்பெனிகளைத் தட்டினால் அந்த இரண்டின் ஏணிகள் மட்டும் நிற்கும். வேறு ஜோடி வேண்டுமா, மறுபடி தட்டுங்கள். 'நான்' என்ற பெயரில் உங்கள் சர்வீஸையும் ஒரு வரியாகச் சேர்க்க மறக்காதீர்கள்.

பையன் தட்டினான். அவனுடைய சீனியர் அசோசியேட் பட்டை 5-ல் தொடங்கி 9-ல் முடிந்தது. புதிய இடத்து மேனேஜர், 5-ல் தொடங்கி 8. ஒரே மாடி, வேறு பெயர்ப்பலகை! எட்டு வருடம் முடித்தவனுக்கு அங்கே நியாயமான இடம் அடுத்த படி. 'சீனியர் மேனேஜர் தருவீர்களா?' என்று எழுதிக் கேட்டான். முடியாது என்றார்கள். இவனும் முடியாது என்றுவிட்டான். அண்ணன் என்னோடு பேசி மூன்று வாரமாகிறது. மேனேஜரின் அப்பா என்று சொல்லிக்கொள்ளும் பாக்கியத்தைக் கெடுத்துவிட்டேனாம்.

சார்ட் எல்லாவற்றையும் சொல்லாது. ஆபர் லெட்டரில் கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். எனக்கு மேலே எத்தனை படி? எனக்குக் கீழே எத்தனை பேர்? எத்தனை ரூபாய் வரை என் கையெழுத்து செல்லும்?

மூன்றாவது கேள்விக்கு ஹெச்.ஆர். சிரித்தால், அந்த மேனேஜர் பதவி விசிட்டிங் கார்டோடு சரி!